தானமாக வந்த கால்

பழைய செயற்கைக் கால் ஒன்று பட்டறைக்கு வந்தால் முதலில் அதன் குதிகாலைத்தான் திருப்பிப் பார்ப்பேன். ரப்பர் தேய்ந்து, விரல் பக்கம் வெடித்து, மீந்த காலைச் சொருகும் சாக்கெட்டின் உள்பக்கம் வியர்வையில் கறுத்து, பெல்ட்டில் ஊக்கு குத்தியபடி வந்தால் மனசுக்கு நிம்மதி. அந்தக் கால் உழைத்திருக்கிறது. வயலுக்கும் சந்தைக்கும் போயிருக்கிறது. மூன்று வருடம் கழித்தும் கொடுத்த அன்றைக்கு இருந்த பளபளப்போடு ஒரு கால் வந்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். அதை வாங்கியவர் அந்த மூன்று வருடமும் கட்டையை ஊன்றியோ தரையில் நகர்ந்தோ காலம் தள்ளியிருக்கிறார் என்று அர்த்தம்.

மதுரையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் செயற்கைக் காலும், வலுவிழந்த காலைத் தாங்கும் கேலிப்பரும் செய்து மாட்டுவது என் தொழில். தொண்ணூறுகளில் இந்த வேலைக்கு வந்தேன். அப்போது இந்தத் தொழிலில் பெண்கள் மிகவும் குறைவு. பெண்களுக்கு அளவெடுக்க ஒரு பெண் வேண்டும் என்பதற்காகவே என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். மாவும் அரமும் பிடிக்கப் பட்டறையில் கற்றுக்கொண்டேன். ஆனால் இந்தத் தொழிலைப் பற்றி எனக்கு உண்மையில் தெரிந்தது எல்லாம், போடப்படாமல் கிடந்த கால்களைத் தேடி ஊர் ஊராகப் போய், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ‘ஏன் போடலை?’ என்று கேட்டபோது தெரிந்துகொண்டதுதான்.

முதலில், கால் எப்படிச் செய்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் மற்றது புரியும்.

முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்டவருக்கு மீதமிருக்கும் பகுதியை ஸ்டம்ப் என்போம். அதன்மேல் நனைத்த மாவுக்கட்டுத் துணியைச் சுற்றி, அது இறுகுவதற்குள் முழங்கால் சில்லுக்குக் கீழே இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பிடிப்போம். அங்கே இருக்கும் தசைநார்தான் பாரத்தில் ஒரு முக்கியப் பங்கைத் தாங்கப் போகிறது. கட்டு இறுகியதும் உருவி எடுத்து அதற்குள் மாவைக் கரைத்து ஊற்றினால் ஸ்டம்பின் அச்சு கிடைக்கும். பிறகு அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். பாரம் தாங்கக்கூடிய இடங்களில் மாவைச் சுரண்டிக் குறைக்க வேண்டும். எலும்பு துருத்தும் இடங்களில், முக்கியமாக வெளிப்பக்கத்துச் சிற்றெலும்பின் தலையிலும் வெட்டுப்பட்ட எலும்பின் முனையிலும், மாவை அப்பிக் கூட்ட வேண்டும். ஒரு இழை பிசகினாலும் நடக்கும்போது உயிர் போகும். அதன் பிறகு, தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சப் போடுகிறார்களே, அதே எச்.டி.பி.இ. குழாயை ஓவனில் இளக்கி அச்சின்மேல் இழுத்து மாட்டுவோம். அதுதான் சாக்கெட். அதன் அடியில் பாதத்தைப் பொருத்தி, இணைகம்பிகளுக்கு நடுவே நடக்கவிட்டு, பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது, எங்கே உறுத்துகிறது என்று பார்த்துப் பார்த்துத் திருத்துவோம்.

திருத்தம் அன்றைக்கே முடிந்துவிடாது. கால் எடுத்த முதல் வருடம் ஸ்டம்ப் இளைத்துக்கொண்டே வரும். ஆறு மாதத்தில் சாக்கெட் லொடலொடவென்று ஆடத் தொடங்கும். ஸ்டம்பில் மாட்டும் துணி உறையை, ஒன்றுக்கு இரண்டு, மூன்று என்று போட்டுச் சமாளிக்கலாம். அப்புறம் சாக்கெட்டையே மாற்றித்தான் ஆக வேண்டும். வளரும் பிள்ளைக்குத் தைத்த சட்டை மாதிரிதான் இது. ஒரு தடவை கொடுத்ததோடு முடிகிற பொருள் இல்லை. செய்தவர் கையில் குறை இல்லாவிட்டாலும் உடம்பு மாறிவிடும்.

இனி, இந்தக் கால் பெரும்பாலும் எப்படிக் கைமாறுகிறது என்று பாருங்கள். கல்யாண மண்டபத்தில் முகாம். வாசலில் பேனர். மேடையில் பெரியவர்கள். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, காலைக் கையில் கொடுத்து, தோளில் ஒரு துண்டைப் போர்த்தி, போட்டோ எடுப்பார்கள். போட்டிருக்கும் கால் படத்தில் தெரிய வேண்டும் என்று பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிடச் சொல்வார்கள். ‘சரியா இருக்கா?’ என்று மைக்கில் கேட்பார்கள். ‘நல்லா இருக்குங்கய்யா’ என்று சொல்வார்கள். வேறு என்ன சொல்ல முடியும்? நடத்துகிறவர்கள் நல்ல மனசோடுதான் நடத்துகிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்கள் போட்ட சாப்பாட்டை நானும் சாப்பிட்டிருக்கிறேன். அந்த முகாம்கள் இல்லையென்றால் பல பேருக்கு முதல் கால்கூடக் கிடைத்திருக்காது. ஆனாலும் அந்த மேடையில் ஏதோ ஒன்று பூட்டிக்கொள்கிறது. அது என்ன என்பதை எனக்குப் புரியவைத்தவர் சாயல்குடிப் பக்கத்துப் பனையேறி ஒருவர்.

மரத்திலிருந்து விழுந்து கால் போனவர். அவர் வீட்டுக்குப் போனபோது, கால் பிளாஸ்டிக் உறையோடு பரணில் இருந்தது. மேடையில் போர்த்திய துண்டும் மடிப்புக் கலையாமல் அதன் பக்கத்திலேயே இருந்தது. ஏன் போடவில்லை என்று கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது என்றார். விடாமல் கேட்டேன். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

“சும்மா குடுத்தாங்கம்மா. அதப் போயி குத்துது, வலிக்குதுன்னு எந்த வாயால சொல்றது?”

மாட்டச் சொல்லிப் பார்த்தேன். எலும்பு முனையில் சாக்கெட் உறுத்திப் பழைய புண்ணின் தழும்பு இருந்தது. வண்டியில் இருந்த ஹீட் கன்னை எடுத்து அந்த இடத்தை இளக்கி வெளியே தள்ளி, விளிம்பை அரத்தால் ராவி, இன்னொரு உறை போட்டு நடக்கச் சொன்னேன். அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேர வேலையைக் கேட்க முடியாமல் அந்த மனிதர் மூன்று வருடம் கக்கத்தில் கட்டையோடு இருந்திருக்கிறார்.

வாழ்நாள் முழுக்க யாரிடமும் கைநீட்டாமல், கருக்கில் கை கிழியப் பனையேறிச் சாப்பிட்டவர் அவர். தானமாக வந்த பொருளைக் குறை சொல்லக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அந்த வளர்ப்புதான் அவர் வாயைக் கட்டிப்போட்டது. இலவசமாகக் கொடுப்பதில் தவறில்லை. கொடுக்கும்போது, வாங்குகிறவர் நம்மிடம் கடன்பட்டவர் என்கிற நினைப்பை அவருக்குள் விதைத்துவிடுகிறோமே, அதுதான் தவறு. அவருக்கு வர வேண்டியதைத்தான் கொடுத்தோம் என்று நாம் நினைத்திருந்தால், வலிக்கிறது என்று அவர் உரக்கவே சொல்லியிருப்பார்.

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் உதிரிப்பூ விற்கும் ஒரு அம்மா இதற்கு நேர் எதிர். விபத்தில் வலது கால் போனது. சீட்டுப் பிடித்த பணத்தில் கொஞ்சம் அவரே கட்டினார். கால் போட்ட மறுவாரமே பட்டறை வாசலில் நின்று சத்தம்போட்டார். “விடியக்காலம் மூணு மணிக்கு நிக்கணும் நான். இந்தக் கால போட்டுக்கிட்டு ஒரு மணி நேரம் நிக்க முடியலை. என்னத்தச் செஞ்சு குடுத்திருக்க?” திருத்திக் கொடுத்தேன். மறுபடி வந்தார், மறுபடி சத்தம். அவர் காலில் எங்கே எது உறுத்தும் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும், அத்தனை தடவை திட்டு வாங்கியிருக்கிறேன். அந்தக் கால் தேய்ந்து ஓய்ந்து அடுத்த கால் போட்டு, இன்றைக்கும் வியாபாரம் செய்கிறார். என்னைத் திட்டுகிறவர்கள்தான் நன்றாக நடக்கிறார்கள். இதைப் புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளிடம் தவறாமல் சொல்கிறேன்.

ஆகவே எல்லாரிடமும் காசு வாங்குங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காசே இல்லாதவருக்கும் அந்த அம்மாவின் தொண்டை வர வேண்டும் என்கிறேன். சட்டம் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. உதவி உபகரணங்கள் வழங்கும் மத்திய அரசின் திட்டம் 1981-இலிருந்தே நடக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு இவற்றை இலவசமாகத் தருவதைச் சமூகப் பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழ் வைத்திருக்கிறது. சட்டத்தின் பெயரிலேயே உரிமை இருக்கிறது. மேடையில்தான் அது இன்னும் ஏறவில்லை.

போடாமல் கிடந்த கால்களைப் பற்றி ஒருவர் யோசித்ததால்தான் ஜெய்ப்பூர் காலே பிறந்தது. 1960-களில் ஜெய்ப்பூர் அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவராக இருந்த பி.கே. சேத்தி, விலை உயர்ந்த காலை வாங்கிக்கொண்டு போன நோயாளிகள் மறுபடி கட்டையோடு திரும்பி வருவதைக் கவனித்தார். அந்தக் கால்கள் நாற்காலியில் உட்கார்ந்து, பூட்ஸ் போட்டு நடக்கிறவர்களுக்காகச் செய்யப்பட்டவை. கணுக்கால் மடங்காது. நம் ஆட்கள் சம்மணம் போடுகிறவர்கள், குத்துக்கால் வைக்கிறவர்கள், வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறவர்கள். அந்த மருத்துவமனையில் கைவினை ஆசிரியராக இருந்த ராம்சந்திர சர்மா, பெரிய படிப்பு இல்லாதவர், சேத்தியோடு சேர்ந்து ரப்பரை வேகவைத்து, உள்ளே மரமும் ஸ்பாஞ்சு ரப்பரும் வைத்து, எல்லாப் பக்கமும் வளைகிற ஒரு பாதத்தை உருவாக்கினார். பூட்ஸ் தேவையில்லை, தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது. 1975-இல் தொடங்கிய பகவான் மகாவீர் விகலாங் சகாயதா சமிதி அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. சேத்திக்கு 1981-இல் மகசேசே விருது கிடைத்தது. அந்த விருதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, நோயாளி காலைப் போடாததற்கு நோயாளியின் சோம்பல் காரணம் என்று அவர்கள் முடிவுகட்டவில்லை என்பதுதான்.

பூட்ஸ் என்றதும் கேலிப்பர் நினைவு வருகிறது. நான் தொழிலுக்கு வந்த காலத்தில் பட்டறையில் பாதிக்கு மேல் போலியோக்காரர்கள். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தொடையில் தோல் பட்டை, கம்பியின் அடிமுனை பூட்ஸின் குதியோடு சேர்த்து அடிக்கப்பட்டிருக்கும். கேலிப்பரும் பூட்ஸும் ஒன்றுதான், தனியாகக் கழற்ற முடியாது. இப்போது யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் எத்தனை வாசல்களில் செருப்பைக் கழற்ற வேண்டும்? கோயில், பள்ளிவாசல், சொந்தக்காரர் வீடு, பள்ளிக்கூடத்துக் கணினி அறை. ‘செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க’ என்பது நமக்கு ஒரு சாதாரணச் சொல். கேலிப்பர் போட்டவருக்கு அது ‘காலைக் கழற்றிவிட்டு வா’ என்று கேட்கும். கழற்றினால் நிற்க முடியாது, தவழ வேண்டும். பத்து பேருக்கு முன்னால் தவழ்வதைவிட வாசலிலேயே இருந்துவிடலாம் என்று இருந்துவிடுவார்கள். டியூஷன் எடுக்கும் வாத்தியார் ஒருவர், தங்கை கல்யாணம் முடிந்து பல வருடம் ஆகியும் தங்கை வீட்டுக்குள் போனதே இல்லை, திண்ணையோடு வந்துவிடுவேன் என்றார். தங்கை வீட்டார் அவரை வெறுத்தவர்கள் இல்லை. உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்டவர்கள்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

பிளாஸ்டிக் கேலிப்பர் வந்த பிறகு இது மாறியது. பாதத்தைத் தாங்கும் தட்டு காலோடு ஒட்டி இருக்கும், அதன்மேல் எந்தச் செருப்பையும் போடலாம், கழற்றலாம். அந்த வாத்தியாருக்கு அதைச் செய்து கொடுத்தேன். தங்கை வீட்டுக்குள் போய்ச் சாப்பிட்டு வந்ததாகப் போன் செய்தார். ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வீட்டார் ஒரு ஈரத்துணியை எடுத்துவந்து பூட்ஸின் அடியைத் துடைத்துவிட்டிருந்தால் அவர் முதல் நாளே உள்ளே போயிருப்பார். அதற்கு என் பட்டறை தேவைப்பட்டிருக்காது.

இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் கடைசியாக நோய் பதிவானது 2011 ஜனவரி 13-இல், மேற்கு வங்கத்து ஹவுராவில். 2014 மார்ச் 27-இல் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. பெரிய காரியம், ஒவ்வொரு சொட்டு மருந்து முகாமிலும் வெயிலில் நின்ற பெண்களுக்குக் கைகூப்ப வேண்டும். ஆனால் அதற்கு முன் நோய் தாக்கியவர்கள் நம்மோடுதான் இருக்கிறார்கள். நாற்பது, ஐம்பது வயதில் அவர்களில் பலருக்குத் தசை மறுபடி தளர்கிறது. நல்ல காலும் சேர்ந்து வலிக்கிறது. அவர்களுக்குக் கேலிப்பர் செய்யும் கைகளும் குறைந்துவிட்டன.

இப்போது பட்டறைக்கு வருகிறவர்களில் பெரும்பகுதி சர்க்கரை நோயிலும் சாலை விபத்திலும் கால் இழந்தவர்கள். சர்க்கரைக்காரர்களில் வயதானவர்கள் அதிகம். ஆண் என்றால் மகன்கள் கால் போடக் கூட்டி வருவார்கள். கிழவி என்றால் கூட்டி வருவதே அபூர்வம். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில், கணவரை இழந்த பாட்டி ஒருவர் கட்டிலில் இருந்தார். பேரன் நல்ல பையன், மருந்து மாத்திரை எல்லாம் அவன்தான் பார்த்துக்கொண்டான். “அப்பத்தாவுக்கு இனிமே எதுக்குக்கா காலு? வீட்டுக்குள்ளதான கெடக்கு” என்றான். நான் அவனிடம் பேச்சை நிறுத்திவிட்டுக் கட்டில் பக்கம் திரும்பினேன். ‘ஆத்தா, கால் போட்டா எங்க போவீங்க?’ என்று கேட்டேன்.

“ராத்திரி வெளிக்குப் போக யாரையும் எழுப்ப வேணாம்ல” என்றார்.

அந்த வீட்டில் அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. கால் எடுத்த நாளிலிருந்து, ராத்திரி முட்டிவிடக் கூடாதே என்று மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருக்கிறார். கால் போட்டோம். வாக்கரைப் பிடித்துக் கட்டிலிலிருந்து கக்கூசுக்கும் கக்கூசிலிருந்து கட்டிலுக்கும் நடந்தார். சர்க்கரை உடம்பு என்பதால் தினம் சாயங்காலம் ஸ்டம்பில் கொப்புளம் இருக்கிறதா என்று கண்ணாடி வைத்துப் பார்க்கப் பேரனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவனும் பார்த்தான். பத்தடி தூரம்தான். ஆனால் கணக்குப் பார்க்கிறவர்கள் யாரும் அந்தப் பத்தடியைக் கணக்கில் எடுப்பதில்லை. சம்பாதிக்கப் போகிறவருக்குத்தான் கால் என்று மனசுக்குள் ஒரு சட்டம் வைத்திருக்கிறோம்.

கூட வந்தவரிடம் பேசுவது எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்கும், மருத்துவர்களுக்கும், அலுவலகங்களில் இருப்பவர்களுக்கும் ஊறிப்போன பழக்கம். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் தன் மனுவைத் தானே எழுதி வந்திருப்பார். அதிகாரி அவர் தலைக்கு மேலே பார்த்து, பின்னால் நிற்கும் தம்பியிடம், ‘இவருக்கு என்ன வேணும்?’ என்பார்.

வயசுப் பிள்ளைகள் விஷயம் வேறு. கல்லூரிப் பெண் ஒருத்தி பாதத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “அக்கா, இது என் நெறமே இல்லையே” என்றாள். உண்மைதான். எங்களுக்கு வரும் பாதங்கள் ஒன்றிரண்டு நிறத்தில்தான் வரும், நம் பெண்கள் பலருடைய நிறம் அதில் இருக்காது. அவள் அம்மாவுக்குக் கோபம், ‘கெடச்சதே பெருசு, கலரு கேக்குதா?’ என்றார். ஏன் கேட்கக் கூடாது? ஒரு ரவிக்கைத் துணிக்கு நிறம் சேரவில்லை என்றால் கடை கடையாக ஏறி இறங்குகிறோம். அந்தப் பெண்ணுக்குச் சாக்கெட்டின்மேல் அவள் நிறத்துக்குப் பக்கமான உறை தேடிப் போட்டோம். கணுக்காலில் கொலுசு போட்டுக்கொண்டாள்.

அந்த அம்மாவே பிறகு தனியாக வந்து, சேலை கட்டினால் கால் தெரியுமா, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நடந்தால் கண்டுபிடிப்பார்களா என்று கேட்டார். சொல்லிவிடுங்கள் என்றேன். இப்படிக் கேட்கும் எல்லாரிடமும் அதைத்தான் சொல்கிறேன். மறைத்துக் கட்டிக்கொடுத்த கல்யாணத்தில் அந்தப் பெண் ராத்திரி காலைக் கழற்றவே பயந்து, ஸ்டம்ப் புண்ணாகி என்னிடம் வந்த சம்பவங்கள் உண்டு. பெண்ணின் காலை மறைக்கச் சொல்கிற குடும்பம், அதே குறை உள்ள மகனுக்கு எந்தக் குறையும் இல்லாத பெண்ணைத் தேடும். இதையும் பார்த்துவிட்டேன்.

மறைக்கவும் சொல்வார்கள், காட்டவும் சொல்வார்கள். நன்றாக அமைந்த காலைப் பேன்ட்டுக்குள் போட்டு நடக்கிறவர் டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளி இருக்கையில் உட்கார்ந்தால், ‘கால் நல்லாத்தான இருக்கு, எந்திரி’ என்று அதட்டல் வரும். அவர் பேன்ட்டைத் தூக்கிக் காட்ட வேண்டும். காட்டிய பிறகு பஸ் முழுக்க உச்சுக்கொட்டும். ‘எப்படிப்பா ஆச்சு? பொறவியிலயா?’ என்று விசாரணை தொடங்கும். போன பிறவிப் பாவம் வரைக்கும் போவார்கள். மேடையில் போட்டோவுக்காக ஒரு தடவை தூக்கியவர், பஸ்ஸில் இருக்கைக்காக, வேலை கேட்கும் இடத்தில் நம்பிக்கைக்காக, வாழ்நாள் முழுக்கப் பேன்ட்டைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்து வருடம்வரை சிறை என்று 2016 சட்டத்தின் 92-ஆம் பிரிவு சொல்கிறது. என்னிடம் வருகிறவர்களில் அந்தப் பிரிவைத் தெரிந்தவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம்.

பேரும் புகழும் இருந்தால் இதிலிருந்து தப்பலாமா என்றால், அதுவும் இல்லை. நடிகையும் நடனக் கலைஞருமான சுதா சந்திரனுக்கு 1981-இல் திருச்சிக்குப் பக்கத்தில் நடந்த பஸ் விபத்தில் கால் போனது. ஜெய்ப்பூர் கால் போட்டு 1984-இல் மறுபடி மேடை ஏறினார். அவர் கதையே ‘மயூரி’ என்ற படமானது, அவரே நடித்தார். எங்கள் பட்டறைச் சுவரில் அவர் படம் இன்னும் ஒட்டியிருக்கிறது. அவரையே விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் ஒவ்வொரு முறையும் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று 2021 அக்டோபரில் ஒரு காணொளியில் மனம் உடைந்து பேசினார். மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை வருத்தம் தெரிவித்தது. காலைக் கழற்றுவது என்றால் என்ன என்று அந்த வரிசையில் நிற்கும் மற்றவர்களுக்குத் தெரியாது. உட்கார வேண்டும், உடையைத் தூக்க வேண்டும், பட்டையை அவிழ்க்க வேண்டும், வியர்த்து ஒட்டிய உறையோடு ஸ்டம்பை உருவ வேண்டும், காலைத் தட்டில் வைத்து அனுப்பிவிட்டு, அது திரும்பி வரும்வரை ஒற்றைக் காலோடு எல்லார் கண்ணுக்கும் முன்னால் காத்திருக்க வேண்டும்.

சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கியபோது பட்டறையில் மிட்டாய் கொடுத்தோம். ஐந்து வயதில் காலில் பஸ் ஏறி நசுங்கிய பிள்ளை. அதற்கு அடுத்த மாதங்களில் கால் போட வந்த ஒவ்வொருவரிடமும் கூட வந்தவர்கள், ‘மாரியப்பனப் பாரு, நீயும் சாதிக்கணும்’ என்றார்கள். சாதிக்கலாம்தான். அதே ஆட்கள், கால் போட்ட ஒருவருக்கு ஒரு செக்யூரிட்டி வேலையோ ஓட்டலில் கல்லா வேலையோ தரச் சொன்னால் தயங்கினார்கள். அரசு வேலையில் நான்கு சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அரசு வேலை எல்லாருக்கும் இல்லை. பதக்கம் வாங்காத, கதையாகாத, மாதச் சம்பளம் மட்டும் வேண்டுகிற ஒருவருக்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பெண்களுக்கு அளவெடுப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தொடையில் கால் எடுக்கப்பட்ட பெண்ணுக்கு இடுப்புவரை மாவுக்கட்டு போட வேண்டும். மண்டபத்து முகாமில் ஆண்களும் பெண்களும் ஒரே ஹாலில் இருப்பார்கள். ஜன்னலில் வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் இருப்பார்கள். ஒரு ஸ்க்ரீன் இருக்காது. பேனருக்குக் காசு இருக்கும், ஸ்க்ரீனுக்கு இருக்காது. நான் என் பையில் இரண்டு பழைய சேலையும் கயிறும் எப்போதும் வைத்திருப்பேன், தூணுக்குத் தூண் கட்டிவிடுவேன். நான் இல்லாத முகாம்களில் பெண்கள் அளவே கொடுக்காமல் எழுந்து போனதுண்டு. பதிவேட்டில் ‘பயனாளி வரவில்லை’ என்று எழுதப்படும். அவர் வந்திருந்தார். கால் இல்லாதவளுக்கு என்ன கூச்சம் என்று நினைத்த இடத்தில் அவரால் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அனுபவித்தவரே பொறுப்பில் இருந்தால் இப்படி நடக்காது. வேலூரில் மேரி வர்கீஸ் என்று ஒரு மருத்துவர் இருந்தார். 1954-இல் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். அவர் தலைமையில் 1966-இல் சி.எம்.சி.யில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. கட்டில் எந்த உயரத்தில் இருக்க வேண்டும், கதவு எவ்வளவு அகலம் வேண்டும் என்பது, சக்கர நாற்காலியில் போகிறவருக்குத் தெரிகிற மாதிரி மற்றவர்களுக்குத் தெரியாது. எங்கள் பட்டறையிலும் ஒருவர் இருக்கிறார், முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால் போட்டவர், அரம் பிடிப்பதில் எங்களில் யாரும் அவருக்கு ஈடில்லை. ‘வலிக்குதா?’ என்று நான் கேட்டால் இல்லை என்பவர்கள், அவர் கேட்டால் உண்மையைச் சொல்கிறார்கள்.

முகாம் நடத்தும் பெரியவர்களுக்கு என் வேண்டுகோள் இது. கால் கொடுக்கும் நாளிலேயே, ஆறு மாதம் கழித்து இதே ஊருக்கு எந்தத் தேதியில் வருவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். அன்றைக்குப் புதுக் கால் வேண்டாம், பழுது பார்க்க மட்டும் வாருங்கள். பஸ் காசை வந்தவர் கையில் கொடுத்துவிடுங்கள், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார். ‘எங்க வலிக்குது?’ என்பதை அவரிடமே கேளுங்கள், கூட வந்தவரிடம் கேட்காதீர்கள். அவர் குறை சொன்னால் முகம் சுளிக்காதீர்கள், அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறோம். மேடையும் துண்டும் போட்டோவும் வேண்டாம். ஒரு ஸ்க்ரீன், நாலு நாற்காலி, கரண்ட் போட ஒரு ப்ளக் பாயிண்ட் இருந்தால் போதும். தேதியைச் சொல்லுங்கள், அரத்தையும் ஹீட் கன்னையும் எடுத்துக்கொண்டு நாங்கள் வந்துவிடுகிறோம்.